டூலின் பின் எட்டாத ஆழத்தில் மிஞ்சிய விரிசல்: 304எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் பழுதுபார்ப்பு

12 மி.மீ. தகடு, வெல்டை ஒட்டிக் குளோரைடால் வந்த விரிசல். டை பெனிட்ரன்ட் (விரிசலின் வாயில் புகுந்து அதைக் காட்டும் சாயம்) அடித்தபோது 40 மி.மீ. நீளத்துக்கு ஒரே சிவப்புக் கோடு. ஆழம் 3 மி.மீ. இருக்கும் என்று கணக்குப் போட்டு, உலோகத்தை உருக்காமல் சுழலும் டூலின் உராய்வுச் சூட்டில் இளக்கிக் கலந்து விரிசலை மூடும் ஃப்ரிக்ஷன் ஸ்டிர் முறையில், 4 மி.மீ. பின் (டூலின் நுனியில் நீண்டு உலோகத்துக்குள் இறங்கும் பகுதி) உள்ள டூலை ஓட்டினோம். மேல்பரப்பு சுத்தம், பெனிட்ரன்ட் சோதனையும் பாஸ். ஃபேஸ்டு அரே அல்ட்ராசோனிக்கில் (ஒலி அலையை அனுப்பி உள்ளே பார்க்கும் சோதனை) பார்த்தால், 5 மி.மீ. ஆழத்தில் விரிசலின் கிளை அப்படியே கிடக்கிறது! வாய் மூடிவிட்டதால் இனி எந்தச் சாயமும் அதைக் காட்டாது. பழுது பார்க்காமல் விட்டதைவிட இது மோசம்.

இந்த வகை விரிசல் உள்ளே கிளை பிரியும். மேலே தெரியும் கோட்டை நம்பவே கூடாது. முதலில் ஆழத்தை அளந்துவிட்டு, அதைவிட 1 மி.மீ.யாவது நீளமான பின்னைத் தேர்ந்தெடுங்கள். விரிசலின் இரு முனையையும் 15 மி.மீ. தாண்டி ஓட்டுங்கள். 6 மி.மீ. பின்னோடு மறுபடி ஓட்டியபிறகுதான் அந்தக் கிளை மறைந்தது.

பெனிட்ரன்ட் குளோரின் குறைந்த ரகமாக இருக்கட்டும். விரிசலுக்குள் தங்கிய சாயத்தை அசிட்டோனால் கழுவி, நன்றாக உலர்த்தாமல் டூலை இறக்காதீர்கள். உள்ளே ஆக்ஸைடு இருந்தால் ஸ்டிர் செய்தாலும் அது கரையாது, மெல்லிய கோடாக மிஞ்சும். கார்பன் ஸ்டீலில் ஓட்டிய கிரைண்டிங் வீலை இதில் வைத்தால் பிறகு துருப்புள்ளி வரும்.

பிசிபிஎன் (போரான் நைட்ரைடு படிகங்களால் ஆன) டூல் கடினம்தான், ஆனால் நொறுங்கும். பெரும்பாலும் உடைவது இறக்கும்போதும், நகரத் தொடங்கும் கணத்திலும்தான். சிறு துளை போட்டு மெதுவாக இறக்குங்கள். ஷோல்டர் (பின்னைச் சுற்றியுள்ள டூலின் அகன்ற பகுதி) தகட்டைத் தொட்டபின் சுற்றிலும் உலோகம் செந்நிறமாகும்வரை அதே இடத்தில் சுழலவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். அவசரப்பட்டால் பக்கவாட்டு அழுத்தத்தில் பின் முறியும். டங்ஸ்டன்-ரீனியம் டூல் அப்படி எளிதில் முறியாது, ஆனால் தேயும். ஆர்கான் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அழுத்தம் டன் கணக்கில் வருவதால் அடியில் தடித்த தாங்குதகடு இல்லாமல் தொடவே கூடாது.

உருக்காத முறை என்பதால் எச்ச இழுவிசை (வேலை முடிந்தபின் உலோகத்துக்குள் தங்கும் இழுப்பு) இருக்காது என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். குறையலாம், இல்லாமல் போகாது. குளோரைடு படும் இடமென்றால் ஷாட் பீனிங் (சிறு உருண்டைகளை வேகமாக அடித்து மேல்பரப்பில் இழுப்புக்குப் பதில் அமுக்கத்தை உண்டாக்குவது) செய்வது நல்லது.

டூலை வெளியே எடுத்த இடத்தில் பின் அளவுக்குக் குழி நிற்கும். முடிந்தால் ஓரத்தில் ஒரு துண்டுத் தகட்டை இறுக்கி, குழி அதில் விழும்படி ஓட்டி முடித்துப் பிறகு வெட்டி எறியுங்கள். நடுத் தகட்டில் முடிக்கவேண்டி வந்தால், அதே ரகக் கம்பியைச் சுழற்றி அழுத்தும் உராய்வு பிளக் முறையில் குழியை அடைத்துவிட்டு, அந்த இடத்தையும் அல்ட்ராசோனிக்கில் பாருங்கள்.