பிஎச்டி நேர்காணலுக்கு அணுக் கடிகாரம் படிப்பவர்களுக்கு: பட்டியலை விடுங்கள், மூன்று கட்டம் போடுங்கள்

தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. நெட் தேர்வு முடிந்து ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகை கையில் இருந்தும் நேர்காணலை நினைத்தாலே வயிற்றைப் பிசையும். அந்தப் பாரம் இறங்கிய கையோடு இதை எழுதுகிறேன். நெட் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். நேர்காணலில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு தலைப்புதான்: அணுக் கடிகாரத்தின் துல்லியத்தையும் நிலைத்தன்மையையும் எவை கட்டிப்போடுகின்றன? (அணு ஆற்றல் மட்டம் மாறும்போதுள்ள அதிர்வெண்ணை வைத்து நேரம் காட்டுவது அணுக் கடிகாரம். அது உண்மையான அதிர்வெண்ணுக்கு எவ்வளவு அருகில் என்பது துல்லியம், எவ்வளவு ஆடாமல் ஓடுகிறது என்பது நிலைத்தன்மை.) பிடித்த பகுதி எது என்றார்கள், அணு இயற்பியல் என்றேன். அங்கே பிடித்தவர்கள் கடைசிவரை விடவில்லை. நீங்கள் வாயால் சொல்லும் அந்த ஒரு வார்த்தைதான் உங்கள் பாடத்திட்டம். அதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள்.

ஒரு பயிற்சி மையத்தில் என்னிடம், "அணு இயற்பியலில் மார்க் கம்மி, அதைத் தள்ளிவிட்டு மற்றதைப் பார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. நெட் மார்க்குக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். நேர்காணலில் ஒரு பகுதியை அடிவரை தோண்டியவருக்குத்தான் பேச விஷயம் இருக்கும்.

இனி விஷயம். எந்த நோட்ஸை எடுத்தாலும் அந்த அதிர்வெண்ணை நகர்த்தும் விளைவுகளின், அதாவது பெயர்ச்சிகளின், பெயர்ப் பட்டியல் இருக்கும்: ஜீமன் பெயர்ச்சி, டாப்ளர் பெயர்ச்சி, கரும்பொருள் கதிர்வீச்சு, அணு மோதல், ஒளிப் பெயர்ச்சி, ஈர்ப்புச் செம்பெயர்ச்சி. இதை ஒப்பித்தால் பாதியிலேயே கையமர்த்தி, "சரி, இதில் எது மோசம்?" என்பார்கள். என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். எது பெரியதோ அதுதான் மோசம் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது இல்லை. பெயர்ச்சி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதன் அளவு நமக்குச் சரியாகத் தெரிந்தால் கழித்துவிடலாம். எவ்வளவு என்று சரியாகத் தெரியாத மிச்சம்தான் கடிகாரத்தின் துல்லியத்தைத் தீர்மானிக்கிறது.

இதற்காக நான் ஒவ்வொரு விளைவுக்கும் மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் பெயர்ச்சி எத்தனை, அதிர்வெண்ணின் பின்னமாக. இரண்டாவதில் அது எதைச் சார்ந்தது, எந்த அடுக்கில். மூன்றாவதில் அந்த ஒன்றை என்னால் எவ்வளவு நன்றாக அளக்க முடியும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த விளைவு உங்களுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகையில் நான் போட்டது இது. சீசியம் நீரூற்றுக் கடிகாரம், அதாவது குளிர்வித்த அணுக்களை நீரூற்றுபோல மேலே எறிந்து, விழும்வரை அளக்கும் கடிகாரம். காந்தப்புலம் 0.1 மைக்ரோடெஸ்லா. காந்தப்புலத்தின் வர்க்கத்தில் ஏறும் இரண்டாம் படி ஜீமன் பெயர்ச்சி ஏறக்குறைய 5×10⁻¹⁴. இன்றைய நீரூற்றுகளின் துல்லியம் 10⁻¹⁶ அளவில் இருப்பதால், பார்த்தவுடன் இதுதான் வில்லன் என்று தோன்றும். ஆனால் அதே அணுவில் காந்தப்புலத்துக்கு நேரடியாக ஆடும் இன்னொரு நிறமாலைக் கோடு இருக்கிறது. அதே 0.1 மைக்ரோடெஸ்லாவுக்கு அது 700 ஹெர்ட்ஸ் நகரும். அந்தக் கோட்டை 0.1 ஹெர்ட்ஸுக்கு அளந்துவிட்டால் புலம் கையில். பெயர்ச்சியில் மிஞ்சும் பிழை 10⁻¹⁷ அளவுதான். அணுவே தன் காந்தமானியாக இருக்கிறது. இதைச் சொன்னபோதுதான் குழுவில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

இப்போது வெப்பநிலை. நீங்கள் ஒரே ஒரு விளைவைத்தான் ஆழமாகப் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். நொடியின் வரையறை 1967-இல் வந்தது: சீசியம்-133 அணுவின் 9,192,631,770 அதிர்வுகள். அந்த அணு பூஜ்ய கெல்வினில் இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று 1997-இல் தெளிவுபடுத்தினார்கள். நம் ஆய்வகம் பூஜ்ய கெல்வினில் இல்லை. சுற்றியுள்ள சுவர், குழாய் எல்லாம் வெப்பக் கதிர்வீச்சை வீசுகின்றன, பட்டியலில் இருந்த கரும்பொருள் கதிர்வீச்சு இதுதான். அதன் மின்புலம் அணுவின் ஆற்றல் மட்டங்களை நகர்த்துகிறது. 300 கெல்வினில் சீசியத்துக்கு இது 1.7×10⁻¹⁴ குறைவு, வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும்.

"ஆய்வகத்தில் ஏசி நின்றுவிட்டது, என்ன ஆகும்?" என்றார்கள். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், மாடியறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாத மதியத்தில் 37 டிகிரி எங்களுக்குச் சாதாரணம், அந்த எண்ணை வைத்தே இந்தக் கணக்கை நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். 27 டிகிரி என்பது 300 கெல்வின், 37 டிகிரி என்பது 310. விகிதத்தின் நான்காம் அடுக்கு 1.14. ஆக 14 சதவீதம் கூடுதல், 2.4×10⁻¹⁵ நகர்வு. நீரூற்றின் துல்லியத்தைப் போல இருபது மடங்குக்கு மேல். ஒரே ஒரு டிகிரி தவறினாலே 2.3×10⁻¹⁶ போய்விடும். அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்டின் நிஸ்ட்-எஃப்2 நீரூற்று, 2014-இல் வந்தது, அணுக்கள் பறக்கும் குழாயை மைனஸ் 193 டிகிரிக்குக் குளிர்வித்தது இதற்காகத்தான். அந்த 80 கெல்வினில் பெயர்ச்சி ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுருங்கியபின் அதன் பிழையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

மைக்ரோ அலைக்குப் பதில் ஒளியின் அதிர்வெண்ணை வைத்து ஓடும் ஸ்ட்ரான்சியம் ஒளிக் கடிகாரத்திலும் இதே தலைவலிதான். 429 டெராஹெர்ட்ஸில் அறை வெப்பநிலையில் 2 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் குறையும், அதாவது 5×10⁻¹⁵. இலக்கு 10⁻¹⁸ என்னும்போது அறையின் வெப்பத்தை மில்லிகெல்வின் கணக்கில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மற்றவை சுருக்கமாக:

டாப்ளர், இரண்டாம் படி: அணுவின் வேகத்தின் வர்க்கத்தை ஒளிவேக வர்க்கத்தின் இரு மடங்கால் வகுங்கள். பழைய சீசியக் கற்றையில் நொடிக்கு 200 மீட்டர் என்றால் 2×10⁻¹³. நீரூற்றில் நொடிக்கு 4 மீட்டர்தான், 10⁻¹⁶-க்குக் கீழே போய்விடும்.

ஒளிப் பெயர்ச்சி: லேசர் ஒளியே அணுவின் மட்டங்களை நகர்த்துவது. நீரூற்றில் அணு பறக்கும்போது லேசரை முழுசாக மறைத்துவிடுவார்கள். ஒளிக் கடிகாரத்தில் அணுவைப் பிடித்து வைத்திருப்பதே லேசர்தான், மறைக்க முடியாது. அதனால் இரண்டு மட்டங்களும் சமமாக நகரும் அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்ட்ரான்சியத்துக்கு 813 நானோமீட்டர். யோசனை ஜப்பானிய இயற்பியலாளர் கடோரியுடையது.

மோதல்: அணுக்களின் அடர்த்தியைச் சார்ந்தது. சீசியத்தில் அதிகம், ருபீடியம்-87இல் மிகக் குறைவு.

ஈர்ப்பு: ஒரு மீட்டர் உயரத்துக்கு 1.1×10⁻¹⁶. மாடியில் இருக்கும் கடிகாரம் வேகமாக ஓடும். 2010-இல் நிஸ்ட் அலுமினிய அயனிக் கடிகாரங்களை வைத்து 33 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தையே அளந்து காட்டினார்கள். இங்கே மூன்றாவது கட்டத்தை மறக்காதீர்கள்: 10⁻¹⁸ கடிகாரம் வைத்திருப்பவருக்குத் தன் ஆய்வகத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மோதலில் ஒரு கொக்கி இருக்கிறது, அதை வைத்துத்தான் குழு நிலைத்தன்மைக்குத் தாவியது. "மோதல் பிரச்சினை என்றால் அணுக்களைக் குறைத்துவிடேன்" என்றார்கள். குறைத்தால் துல்லியத்துக்கு நல்லது, நிலைத்தன்மை கெடும். அணு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கும்போது வரும் குவாண்டம் இரைச்சல், அணுக்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ். பத்து லட்சம் அணு என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு இரைச்சல். இதைச் சொல்லிவிட்டு நிற்காமல் ஒரு கணக்கையும் போட்டேன். நீரூற்றில் ராம்சே கோட்டின் (அணுவின் பதில் தெரியும் கூர்மையான முகடு) அகலம் ஏறக்குறைய 1 ஹெர்ட்ஸ், ஆக தரக்காரணி (அதிர்வெண்ணை அகலத்தால் வகுத்தது) 10¹⁰. ஒரு நொடியில் நிலைத்தன்மை 10⁻¹³ என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடுக்க எடுக்க அது நேரத்தின் வர்க்கமூலத்தில்தான் இறங்கும். 10⁻¹⁶-ஐத் தொட ஆயிரம் மடங்கு இறங்க வேண்டும், பத்து லட்சம் நொடி, பதினொன்றரை நாளுக்கு மேல். நிலைத்தன்மை மோசமாக இருந்தால் ஒவ்வொரு பெயர்ச்சியையும் சோதிக்க அத்தனை நாள் காத்திருக்க வேண்டும். துல்லியத்தையும் நிலைத்தன்மையையும் தனித்தனி அத்தியாயமாகப் படிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகு டிக் விளைவு. பெரும்பாலான நோட்ஸில் இது ஒரு வரிதான். கடிகாரம் ஒரு சுற்றில் சிறிது நேரம்தான் அணுவிடம் 'சரியா' என்று கேட்கிறது. மீதி நேரம் அணுக்களைச் சேர்க்கவும் குளிர்விக்கவும் எண்ணவும் போகிறது. அந்த இடைவெளியில் அலையியற்றி (மைக்ரோ அலையை உண்டாக்கும் கருவி, ஒளிக் கடிகாரத்தில் லேசர்) என்ன ஆட்டம் ஆடினாலும் கடிகாரத்துக்குத் தெரியாது. சுற்றின் அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் இருக்கும் இரைச்சல், மெதுவான இரைச்சலாக வேடம் போட்டு உள்ளே வந்துவிடும். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் வெளிச்சத்தில் சீலிங் ஃபேன் மெல்லப் பின்னால் சுற்றுவதுபோலத் தெரியுமே, அதைச் சொன்னேன். ஜான் டிக் 1987-இல் இதை எடுத்துச் சொன்னார். அணு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் லேசர் மட்டமாக இருந்தால் பயனில்லை என்பதற்கு இதுதான் காரணம். லேசரின் அதிர்வெண்ணைக் கட்டிவைக்கும் ஒளிக்குழியின் (எதிரெதிரே இரண்டு கண்ணாடி வைத்த அமைப்பு) கண்ணாடிகளே வெப்பத்தால் நடுங்குகின்றன. அதனால்தான் சிலிக்கான் குழியை, அதன் வெப்ப விரிவு பூஜ்யமாகும் 124 கெல்வினில் வைக்கிறார்கள்.

படித்த விதம் பற்றி. குழுவாகப் படிப்பது எனக்கு ஆகாது, உங்களுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரவு பத்துக்கு மேல், தெருவில் கன்டெய்னர் லாரி போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், அந்த நேரம்தான் எனக்கு ஓடும். வீடியோ பார்க்கவில்லை, வெற்றுத்தாளில் எண் போட்டேன். மாதிரி நேர்காணலுக்குப் பணம் கட்டவும் இல்லை. அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். மீன்பாடு உள்ள இடங்களை ஜிபிஎஸ்ஸில் பாயிண்ட் பாயிண்டாகக் குறித்து வைத்திருப்பார். "இன்னாம்மா, நடுக்கடல்ல இது எப்டி கரெக்டா இடத்த காட்டுது?" என்று கேட்டார். ஒரு நானோநொடி தவறினால் 30 சென்டிமீட்டர் தவறும், செயற்கைக்கோள் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோநொடி வேகமாக ஓடும், அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும் என்று சொன்னேன். "எதுக்கு வேகமா ஓடுது?" என்றார் உடனே. உயரத்தால் 45 கூடுகிறது, வேகத்தால் 7 குறைகிறது என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கே தெளிந்துவிட்டது. இயற்பியல் படிக்காத, ஆனால் விடாமல் கேட்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள்.

நம் நாட்டு விவரங்களைத் தவறவிடாதீர்கள். நம் வழிகாட்டிச் செயற்கைக்கோள் வரிசையான நாவிக்கின் முதல் செயற்கைக்கோளில் இருந்த வெளிநாட்டு ருபீடியம் கடிகாரங்கள் பழுதானதும், 2023 மே 29-இல் ஏவிய என்விஎஸ்-01இல் உள்நாட்டு ருபீடியம் கடிகாரம் போனதும் கேள்வியாக வரும். எனக்கு வந்தது, "நீரூற்றுக் கடிகாரத்தையே அனுப்ப வேண்டியதுதானே?" மேலே எறிந்த அணு திரும்பி விழ ஈர்ப்பு வேண்டும், சுற்றுப்பாதையில் அது நடக்காது. அளவும் எடையும் அதற்கு அடுத்த காரணங்கள்.

கடைசி வாரத்தில் நான் போட்டுப் பார்த்த கணக்குகள்:

ருபீடியம் கலத்தில் நிரப்பு வாயுவின் அழுத்தம் அதிர்வெண்ணை நகர்த்துகிறது. நாள்பட அது ஏன் மெல்ல இழுத்துக்கொண்டு போகிறது?

ஹைட்ரஜன் மேசர் (ஹைட்ரஜன் அணுக்களின் மைக்ரோ அலையில் ஓடும் கடிகாரம்) சில மணி நேரத்துக்கு சீசியத்தைவிட நிலையாக ஓடும், ஆனால் வரையறைக்கு ஆகாது. டெஃப்லான் பூசிய சுவரில் அணு மோதுவதையும் குழியின் இழுப்பையும் மூன்று கட்டத்தில் எழுதுங்கள்.

புவியின் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா. காந்தக் கவசமே இல்லாவிட்டால் ஜீமன் பெயர்ச்சி எத்தனை மடங்கு? 400-இன் வர்க்கம், 1,60,000.

தேசிய நேரத்தை வைத்திருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் (என்பிஎல்) டெல்லியில் இருக்கிறது, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர் மேலே. அதே கடிகாரத்தை ராயபுரம் கடற்கரையில் வைத்தால்? 2.2×10⁻¹⁴ மெதுவாக ஓடும், ஓர் ஆண்டில் 0.7 மைக்ரோநொடி பின்தங்கும்.