தொப்புளில் வந்த கட்டி

உடம்பு சூடு என்று அப்பா சொன்னால், அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிடுவார். அப்படி ஒரு ராத்திரி வைக்கும்போதுதான், "என்னங்க, உள்ளே புளியங்கொட்டை மாதிரி ஏதோ தட்டுப்படுதே" என்றார். வலி இல்லாததால் அப்பா வேட்டியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

முதலில் பார்த்த டாக்டர் ஹெர்னியா என்றார். அடுத்தவர் சீழ்க்கட்டி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். இரண்டரை மாதம் இப்படியே போனது. கட்டி பெரிதாகி லேசாகக் கசிய ஆரம்பித்தது.

மூன்றாவதாகப் போனது வயதான ஒரு சர்ஜனிடம். படுக்க வைத்து இரண்டு விரலால் அழுத்தினார், இருமச் சொன்னார். கட்டி உள்ளேயும் போகவில்லை, புடைக்கவும் இல்லை. "சுகர் எப்போ வந்தது? எடை குறைஞ்சுதா?" என்று கேட்டார். சுகர் வந்து ஆறு மாதம், அதுவும் 64 வயதில். எட்டு கிலோ குறைந்ததை, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டின் பலன் என்று ஊரெல்லாம் பெருமையடித்திருந்தோம். முதுகுவலிக்குப் பழி பைக் மேல்.

அன்றே ஊசியால் உறிஞ்சி ஸ்லைடு எடுத்தார்கள். மூன்றாம் நாள் ரிசல்ட்: அடினோகார்சினோமா, அதாவது சுரப்பித் திசுவில் வரும் புற்றுநோய், வேறு எங்கிருந்தோ பரவியது. எங்கிருந்து? இரைப்பையாக இருக்கலாம், குடலாகவும் இருக்கலாம். எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை. மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சிடி ஸ்கேனில்தான் கணையத்தின் வால்பகுதியில் கட்டி தெரிந்தது, கல்லீரலிலும் புள்ளிகள். தலைப்பகுதியில் வந்திருந்தால் பித்தக்குழாயை அடைத்து மஞ்சள் காமாலையாவது காட்டிக் கொடுத்திருக்கும். வாலில் வந்தால் அந்த எச்சரிக்கையும் கிடையாது. ரத்தத்தில் 37-க்குள் இருக்க வேண்டிய சிஏ 19-9 என்ற புற்றுநோய்க் குறியீடு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

தொப்புளில் இப்படிப் பரவுவதற்கு சிஸ்டர் மேரி ஜோசஃப் நாட்யூல் என்று பெயராம். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் டாக்டர் வில்லியம் மேயோவுக்கு ஆபரேஷனில் உதவிய கன்னியாஸ்திரி அவர். ஆபரேஷனுக்கு முன் வயிற்றைத் துடைக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். 1949-ல் ஹாமில்டன் பெய்லி என்ற பிரிட்டிஷ் சர்ஜன் தன் புத்தகத்தில் இந்தக் கட்டிக்கு அந்தக் கன்னியாஸ்திரியின் பெயரையே வைத்தார். இதைக் கேட்டதும் அம்மாவின் எண்ணெய்க் கைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் தொப்புள் கட்டியிலேயே பயாப்சி, புற்றுநோய் எந்த உறுப்பில் தொடங்கியது என்று சாயமேற்றிப் பார்க்கும் ஐஹெச்சி பரிசோதனை. கட்டியின் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கை வாங்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்னொரு லேபுக்கு பஸ்ஸில் போனேன். தீப்பெட்டியை விடச் சின்னது. அங்கேயும் கணையம் என்றே எழுதினார்கள். பரவிவிட்டதால் ஆபரேஷன் இல்லை, ஜெம்சிடபினும் நேப்-பேக்லிடாக்செலும் சேர்ந்த கீமோதெரபி என்று முடிவானது.

அம்மா மட்டும் டாக்டரைத் தனியாகப் பிடித்து, "எண்ணெய் வெச்சதால வந்திருக்குமோ?" என்று கேட்டார். "இல்லம்மா, அதாலதான் தெரிஞ்சது" என்றார் அவர்.