பழைய கப்பல் தபால் ஒப்பந்தங்களின் தடத்தைத் தேடிய அனுபவம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் காலனிகளுக்கு நீராவிக் கப்பலில் தபால் போன விதத்தை, பதினாறு பக்கங்கள் கொண்ட ஒற்றைச் சட்டகமாகத் தொகுத்து ஓர் அஞ்சல்தலைக் கண்காட்சியில் வைக்க முனைந்தேன். கடித உறைகள் என் சேகரிப்பில் இருந்தன. ஆனால் ஒவ்வோர் உறையும் எந்த ஒப்பந்தத்தின் கீழ், யார் கொடுத்த மானியத்தில், எந்த வழியாகப் போயிற்று என்பதை ஆதாரத்தோடு எழுதினால்தான் நடுவர்கள் ஏற்பார்கள். அந்த ஆதாரங்களைத் திரட்டிய விதத்தை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தைச் செய்த அலுவலகம் எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1837 முதல் 1860 வரை வெளிநாட்டுத் தபால் கப்பல்களை அமர்த்தும் பொறுப்பு அட்மிரால்டி எனப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்திடம் இருந்தது. 1860க்குப் பிறகுதான் அது தபால் துறையின் கைக்கு வந்தது. ஆகவே முந்தைய கோப்புகளை லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், பிந்தியவற்றைத் தபால் அருங்காட்சியகத்திலும் தேட வேண்டும். எனினும் லண்டனுக்குப் போகாமலேயே வேலையின் பெரும்பகுதியை முடிக்கலாம். ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் ஆகிய இணையத் தொகுப்புகளில் அக்கால நாளிதழ்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தாள்களில் தபால் ஒப்பந்தங்களுக்கான கடிதப் போக்குவரத்து விரிவாகவே அச்சாகியிருக்கிறது.

கப்பலின் வேகத்தையோ குதிரைத்திறனையோ பற்றிய பேச்சு மிகுந்திருக்கும் என்று எதிர்பார்த்து அந்தத் தாள்களைப் பிரிப்பவருக்கு ஏமாற்றந்தான் கிடைக்கும். பக்கம் பக்கமாக நடந்த வாதமெல்லாம் பணத்தை யார் எவ்வளவு தருவது, கப்பலின் கடைசித் துறைமுகம் எது என்ற இரண்டைப் பற்றியதே. 1857இல் சேவையைத் தொடங்கிய ஐரோப்பிய ஆஸ்திரேலிய ராயல் மெயில் கம்பெனிக்கு ஆண்டுக்கு 1,85,000 பவுண்டு மானியம் தர ஒப்புக்கொண்டபோது, அதில் பாதியைக் காலனிகள் தர வேண்டும் என்று பிரிட்டிஷ் கருவூலம் நிபந்தனை விதித்தது. அந்தக் கம்பெனி அடுத்த ஆண்டே நொடித்துப்போக, 1859இல் பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி சேவையை ஏற்று, முதலில் மொரீஷியஸ் வழியாகவும் பிறகு இலங்கையின் காலித் துறைமுகம் வழியாகவும் நடத்தியது.

என் உறைகளில் பல காலி வழியாக வந்தவை என்பதால் அங்கே சற்று அதிகமாகவே நின்றேன். சூயஸிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லும் கப்பல் காலியில் ஆஸ்திரேலியத் தபால் பைகளை இறக்கிவிட்டு, சென்னையைத் தொட்டு வடக்கே போய்விடும். காத்திருக்கும் கிளைக் கப்பல் அந்தப் பைகளை ஏற்றிக்கொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் கிங் ஜார்ஜ் சவுண்ட், மெல்போர்ன், சிட்னி என்று செல்லும். 1872இல் ஆஸ்திரேலியாவுக்குத் தந்தி இணைப்பு கிடைக்கும் வரை இன்னொரு விந்தையும் நடந்தது. லண்டனிலிருந்து வாரக்கணக்கில் பயணம் செய்து வந்த கடிதமும், அது புறப்பட்ட பிறகு நெடுநாள் கழித்து இந்தியா வழியாகத் தந்தியில் வந்த செய்தியும் காலியில் ஒரே கப்பலில் ஏறின. ஆதலால் மெல்போர்ன் நாளிதழ்களில் கப்பல் வரவைப் பார்க்கும்போது, தந்திச் செய்தியின் தேதியைத் தபாலின் தேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காலித் துறைமுகம் பாறைகள் நிறைந்தது. 1871 நவம்பரில் ஆஸ்திரேலியத் தபாலோடு புறப்பட்ட ரங்கூன் என்ற கப்பல், துறைமுகத்தை விட்டு அகலும் முன்பே அங்கே மூழ்கியது. கப்பல் வருகைகளைக் குறித்துவந்த என் அட்டவணையில் அந்த மாதத்துக்குரிய கட்டத்தில் வருகைத் தேதியை எழுத வழியில்லை. விபத்துக் குறிப்பைத்தான் எழுதினேன்.

காலி வழியில் மெல்போர்னுக்கு முதலில் தபால் கிடைத்தது. சிட்னிக்கு அதன் பிறகுதான். நியூசிலாந்துக்கோ அங்கிருந்து இன்னொரு கப்பல் பிடித்துப் போக வேண்டும். இந்த மனக்குறைதான் பசிபிக் வழியைத் தேட வைத்தது. 1866இல் வெலிங்டனிலிருந்து பனாமாவுக்குத் தொடங்கிய சேவை 1869இல் நின்றுபோனது. அதே ஆண்டு அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் இருப்புப்பாதை முடிந்ததால், அடுத்த ஆண்டே சான்பிரான்சிஸ்கோ வழி தொடங்கியது. நியூசிலாந்து அரசியல்வாதி ஜூலியஸ் வோகல் இதற்காக அமெரிக்கரான வெப் என்பவரோடு ஒப்பந்தம் செய்தார். அமெரிக்க நாடாளுமன்றம் தன் பங்குக்கு மானியம் தராததால் 1873இல் அதுவும் முறிந்தது. கப்பல் ஆக்லாந்தோடு நிற்க வேண்டுமா, தெற்கே டனீடன் நகரின் துறைமுகமான போர்ட் சால்மர்ஸ் வரை ஒவ்வொரு துறைமுகமாகத் தொட்டுப் போக வேண்டுமா என்ற சண்டை இதற்கிடையே ஓயவே இல்லை. இதை ஒரே ஊரின் நாளிதழை மட்டும் வைத்துப் படிப்பது ஆபத்து. தெற்கேயுள்ள டனீடனின் ஒட்டாகோ டெய்லி டைம்ஸை 1861இல் தொடங்கியவர்களுள் வோகலே ஒருவர் என்பது நினைவில் இருந்தால், அதன் அருகில் ஆக்லாந்து நாளிதழையும் திறந்து வைத்துக்கொள்ளத் தோன்றும்.

1873இல் சிட்னியில் கூடிய காலனிகளின் மாநாட்டில் ஒற்றுமை வரவில்லை. ஆளுக்கொரு வழி என்று பிரிந்தார்கள். காலி, சிங்கப்பூர், சான்பிரான்சிஸ்கோ வரை தபாலைப் பிரிட்டன் தன் செலவில் கொண்டுவந்து சேர்ப்பது, அங்கிருந்து மேலே கொண்டுபோவது காலனிகளின் பாடு என்று ஏற்பாடாயிற்று. விக்டோரியா காலியையும், குவீன்ஸ்லாந்து சிங்கப்பூரிலிருந்து வரும் டோரஸ் நீரிணை வழியையும், நியூ சவுத் வேல்ஸும் நியூசிலாந்தும் சான்பிரான்சிஸ்கோவையும் எடுத்துக்கொண்டன. என் கருத்தில் சட்டகத்தின் நடுப்பக்கம் இதற்கே உரியது. ஒரே ஆண்டைச் சேர்ந்த, ஆனால் மூன்று வழிகளில் போன உறைகளை அங்கே அருகருகே வைத்தேன்.

உறையின் மேல் அனுப்பியவர் எழுதிய 'பிரிண்டிசி வழி' (பிரிண்டிசி இத்தாலியத் துறைமுகம்), 'சான்பிரான்சிஸ்கோ வழி' போன்ற குறிப்புகள் அவருடைய விருப்பத்தையே காட்டுகின்றன. அதன்படிதான் போயிற்று என்பதற்குப் பின்புறத்து முத்திரைகளே சாட்சி. அந்த முத்திரைத் தேதிகளை, தபால் பை மூடும் நேரத்தை அறிவிக்கும் நாளிதழ் விளம்பரங்களோடும் கப்பல் வருகைப் பத்தியோடும் ஒப்பிட்டால், ஒரு கப்பலைத் தவிர மற்றவை தாமாகவே விலகிவிடும். பசிபிக் வழியில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடப்பதால் பயண நாட்களைக் கணக்கிடும்போது ஒரு நாள் கூடியோ குறைந்தோ நிற்கும்.

சட்டகத்தின் இறுதி எல்லையாக 1882ஐ வைத்துக்கொண்டேன். கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுந்ததும், அந்த ஆண்டில் பி அண்ட் ஓ கப்பல்கள் காலியை விட்டு அங்கே மாறின.