சராசரி 420, வாசிப்பு 370

மார்ச் 22, 2025

அமெரிக்காவில் பல் மருத்துவப் பள்ளியில் சேர எழுத வேண்டிய நுழைவுத் தேர்வான டி.ஏ.டி.யை எழுதி முடித்தாயிற்று. இடைவேளையோடு ஐந்து மணி நேரத்துக்கு மேல். உயிரியலும் வேதியியலும் சேர்ந்த முதல் பகுதியில் 90 நிமிடத்துக்கு 100 கேள்வி, பரவாயில்லை. அப்புறம் பி.ஏ.டி., கண்ணால் அளக்கும் பகுதி. காகிதத்தை மடித்துத் துளை போட்டால், விரித்த பிறகு எங்கெங்கே ஓட்டை இருக்கும்? இந்த வகைக் கேள்வி வந்தாலே எனக்குத் தெம்பு வந்துவிடும்.

வாசிப்பில்தான் சறுக்கினேன். மூன்று கட்டுரை, 50 கேள்வி, 60 நிமிடம். இரண்டாவது கட்டுரையில் ஒரே ஒரு பெயரைத் தேடித் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். மூன்றாவதைத் திறக்கும்போது 11 நிமிடம்தான் மிச்சம். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்கமாட்டார்கள் என்பதால் கடைசி ஏழெட்டுக் கேள்விக்குப் படிக்காமலே ஏதோ ஒன்றை அழுத்தினேன். விரல்கள் சில்லிட்டிருந்தன.

ஏப்ரல் 26

மதிப்பெண்ணைக் கல்லூரி ஆலோசகரிடம் காட்டினேன். உயிரியல் 430, பொது வேதியியல் 450, கரிம வேதியியல் 430, வாசிப்பு 370, கணக்கு 420. ஐந்துக்கும் சராசரி 420. பி.ஏ.டி. 440, அது சராசரியில் சேராது, தனியாக நிற்கும்.

மார்ச் 1 முதல்தான் 200 - 600 என்ற இந்தப் புதிய அளவு. அதற்கு முன்பு 1 முதல் 30 வரை. சீனியர்கள் "நான் 21", "நான் 22" என்று சொல்லும்போதெல்லாம் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆலோசகர் சராசரியைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு பேனா முனை 370-இல் போய் நின்றது. சேர்க்கைக் குழுவில் இருப்பவர்களின் கண்ணும் இங்கேதான் நிற்கும் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பேனாதான் நினைவில்.

ஏப்ரல் 27

அக்கா டென்டல் ஸ்கூலில் இரண்டாம் ஆண்டு. போனில் கேட்டேன்.

"வாசிப்பை மட்டும் தனியா எழுத முடியாதுடா, முழுசா எழுதணும். வேதியியல் இறங்கினா என்ன பண்ணுவ? பழைய மார்க்கும் கூடவே போகும், தெரியும்ல?"

தெரியும். சில பள்ளிகள் கடைசியாக எழுதியதை எடுத்துக்கொள்கின்றன, சில நல்லதை எடுக்கின்றன, சில எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கின்றன. இன்னொரு கவலை நாள் கணக்கு. இரண்டு தேர்வுக்கு நடுவில் 60 நாள் இடைவெளி வேண்டும், அதனால் மே 21-க்கு முன் எழுத முடியாது. விண்ணப்பங்களை ஜூனிலிருந்தே வாங்குகிறார்கள், பல பள்ளிகள் விண்ணப்பம் வர வர நேர்காணலுக்குக் கூப்பிட ஆரம்பித்துவிடும். நல்ல மதிப்பெண்ணோடு தாமதமாகப் போய் நிற்பதும் இழப்புதான்.

மே 24-க்குப் பதிவு செய்துவிட்டேன். கல்லூரி மதிப்பெண் பட்டியல் இனி மாறாது. என் கையில் மீதமிருப்பது இது ஒன்றுதான்.

மே 14

தினமும் மூன்று கட்டுரை, கட்டுரைக்கு 20 நிமிடம். முதல் வாரம் ஒன்றும் முன்னேறவில்லை. அப்புறம், கேள்வியைப் பார்த்துவிட்டு விடை தேடுவதை நிறுத்தினேன். முதலில் ஐந்து நிமிடம் முழுக் கட்டுரையையும் படித்து, ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு சொல் குறித்துக்கொள்கிறேன்: "நொதி, காரணம்", "சோதனை, தோல்வி". இப்போது பெயரைத் தேடி உருட்ட வேண்டியதில்லை, அது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கைக்கே தெரிகிறது. நேற்று மூன்றையும் முடித்தபோது நான்கு நிமிடம் மீதி.

மே 24

எழுதினேன். மூன்றாவது கட்டுரையைக் கடைசி வரி வரை படித்தேன்.

ஜூன் 21

உயிரியல் 430, பொது வேதியியல் 430, கரிமம் 410, வாசிப்பு 410, கணக்கு 420. கூட்டிப் பார்த்தேன். சராசரி மறுபடியும் அதே 420. பி.ஏ.டி. 430, பத்து குறைவு.

அக்கா சொன்னது போலவே வேதியியல் இறங்கியிருக்கிறது. வருத்தம்தான். ஆனால் பேனா நிற்க அந்த இடம் இந்த வரிசையில் இல்லை. இரண்டு வரிசையும் விண்ணப்பத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ராத்திரி 11 மணிக்கு அனுப்பினேன். முதல் சேர்க்கை அழைப்புகள் டிசம்பரில்தான் வரும்.