அக்கரை

ஜூன் 8
விசா இன்றும் வரவில்லை.

ஜூன் 9
விடிகாலையில் மலைக்கோட்டை ஏறினேன். பாறைக்குள் போகும் படியில் காற்றே இல்லை. தாயுமானவர் சன்னதிக்குள் மேல்மூச்சு வாங்கிவிட்டது. மகேந்திரவர்மன் குடைந்த குகையைத் தாண்டி, வெளிப்படிக்கு வந்த பிறகுதான் உடம்பு ஒரு நிலைக்கு வந்தது. உச்சிப் பிள்ளையாரைச் சுற்றிவிட்டு வடக்கே பார்த்தேன். காவிரி முழுக்க மணல். அந்தண்டை ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், 236 அடி உயரம், இங்கிருந்து எட்டிவிடலாம் போல.

ஜூன் 10
மாசமாக இருக்கும் மகளுக்குப் பிரஷர் 140/90. உப்பைக் குறைக்கச் சொன்னார்களாம். அங்கே யார் அவளுக்குத் தனியாகச் சமைப்பது? மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட்.

ஜூன் 12
மேட்டூர் திறந்துவிட்டார்கள். திருவையாற்றிலிருந்து தம்பி பேசினான். நாற்றங்கால் போர் தண்ணீரில்தான் நிற்கிறதாம். "கல்லணைக்கு வந்துட்டா கவலையில்லக்கா." முக்கொம்பு தாண்டவே மூன்று நாள் ஆகுமே!

ஜூன் 13
தாயுமானவர் கோயிலின் இரத்தினாவதி கதையை எல்லோரும் மகள் பக்கம் நின்றே சொல்கிறார்கள். காவிரியில் வெள்ளம், அம்மாவால் வர முடியவில்லை, ஈசனே அம்மாவாக வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்தபோது வீட்டில் இரண்டு அம்மா. சரி. அதுவரை அக்கரையில் நின்றவள்? ராத்திரி எங்கே படுத்தாள்? ஓடக்காரர்களை எவ்வளவு கெஞ்சியிருப்பாள்? ஒருத்தரும் சொன்னதில்லை. இன்று சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் கொடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. மாசமான பெண் ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா தாரோடு திணறிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். என்ன கனம்!

ஜூன் 14
போன் எடுக்கவில்லை.

இரவு 11: எடுத்தாள். கால் வீங்கியிருக்கிறது. தலைவலி இருக்கிறதா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

ஜூன் 15
தண்ணீர் வந்துவிட்டது. மேலே நின்று பார்த்தேன். பழுப்பாக, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, மணல் திட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் கும்பிட்டார். எனக்குக் கை எழவில்லை. தம்பி வயலுக்கு வழி பிறந்தது, எனக்கு எப்போது? இறங்கும்போது படியிலேயே மாப்பிள்ளை போன். "அத்தை, அட்மிட் பண்ணிட்டாங்க. 150/100. பயப்படாதீங்க."
எப்படி?

ஜூன் 16
விசா! நாளை இரவு விமானம், திருச்சியிலிருந்தே. பிரசவ லேகியம் கிளற ஆள் சொல்லியாகிவிட்டது. சுக்கு, ஓமம், பூண்டு, பழைய வேட்டித் துணி. வாழைத்தாரைத் தம்பி கொடுத்துவிடுவான். காலையில் பிரஷர் எவ்வளவு என்று மாப்பிள்ளை இன்னும் சொல்லவில்லை.