விண்டோஸ் 10: ஆதரவு முடிந்த பின்னும்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததும், கணினியே படுத்துவிடும் என்று நண்பர்கள் சிலர் பதறினார்கள். அப்படி எதுவும் நடக்காது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாதாந்திரத் திருத்தங்கள்தான் நின்றுபோகும். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றே போதும் என்பது வீண் நம்பிக்கை: 2017 மே மாதம், அடைக்கப்படாத ஓட்டை வழியாகப் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, 2014-இலேயே கைவிடப்பட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது (அந்தத் தயவு எப்போதும் கிடைக்காது). டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11-ஐ ஏற்க மறுக்கும் என் மடிக்கணினியை, அமைப்புகளில் உள்ள ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தின் வழியாக, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் மேலும் ஓராண்டு வழங்கும் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்திருக்கிறேன். அதன்பின் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவ உத்தேசம். தமிழ்99 விசைப்பலகை அதிலும் இருக்கிறது.