ஸ்விட்ச் ஆஃப் பண்ணியாச்சு, சரி, சாவி யாரிடம்?

கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளான்ட்டில் மிக்சர் சுத்தம் செய்வதை ஒருமுறை கிட்டே நின்று பார்த்தவர்களுக்கு, நான் ஏன் பூட்டு விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்பது புரியும். கான்கிரீட் ஓட்டம் முடிந்ததும் பிளேடிலும் சுவரிலும் ஒட்டிய கலவை சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். அதைக் கொத்தி எடுக்க ஒரு ஆள் சுத்தியல், உளியோடு மிக்சருக்குள்ளேயே இறங்கி உட்காருவார். கேபினில் இருக்கும் ஆபரேட்டருக்கு உள்ளே இருப்பவரின் தலைகூடத் தெரியாது. ஷிஃப்ட் மாறி வந்த புது ஆபரேட்டர், ஓடுகிறதா பார்ப்போம் என்று பட்டனை ஒரே ஒருமுறை அழுத்தினால் போதும், உள்ளே இருப்பவருக்கு எழுந்து நிற்கக்கூட நேரம் கிடைக்காது.

"ஆஃப் பண்ணிட்டேன் சார்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆஃப் செய்ததை வேறு யாரும் ஆன் செய்ய முடியாதபடி என்ன செய்தீர்கள் என்றுதான் நான் கேட்கிறேன். மிக்சர் மோட்டாரின் ஐசொலேட்டரை (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி, கைப்பிடியில் பூட்டுப் போட்டு, உள்ளே இறங்குபவர்தான் அந்தச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும், ஃபோர்மேன் இல்லை, நானும் இல்லை. இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. ஒரே இடத்தில் பல பூட்டு மாட்ட ஹாஸ்ப் என்ற பல துளைக் கொக்கி கடையிலேயே கிடைக்கிறது. எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு இறங்குவது இதற்கு ஈடாகாது, அதை யார் வேண்டுமானாலும் திருகி விடுவிக்கலாம். கரண்டை வெட்டியதோடும் முடிந்துவிடாது. ஜல்லி, மணலை மேலே தூக்கிக் கொட்டும் ஸ்கிப் பக்கெட் பாதி வழியில் தொங்கினால் அதன் எடையே ஆளைக் கொல்லும். ஏர் லைனில் காற்று அடைபட்டிருந்தால் மிக்சரின் கேட் திடீரென்று அடித்து மூடும். பக்கெட்டைக் கீழே இறக்கி, காற்றை வெளியேற்றி, கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்தி மிக்சர் அசையவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்கலாம்.

இப்படிப் பூட்டி, எச்சரிக்கை அட்டை (டேக்) மாட்டும் லோட்டோ எல்லாம் ஃபேக்டரிக்குத்தான், சைட்டுக்கு ஒத்துவராது என்று சில இன்ஜினியர்கள் சொல்வார்கள். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஓஷா இதற்காக 1989-ல் கொண்டுவந்த விதியும் கட்டுமானத்தை விட்டுவிட்டது உண்மைதான், கட்டுமானத்துக்கு அங்கே தனியாக ஒரு சிறிய விதி இருக்கிறது. எனக்கென்னவோ சைட்டுக்குத்தான் இது கூடுதலாகத் தேவை என்று தோன்றுகிறது. ஃபேக்டரியில் ஒரு பேனல் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும். நம்மிடம் போன வாரம் இரண்டாவது மாடியில் இருந்த டி.பி. (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இந்த வாரம் ஐந்தாவது மாடியில் இருக்கும், எந்த கேபிள் எங்கே போகிறது என்பது எலெக்ட்ரீஷியன் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கும், அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். அதனால் லைன் டயகிராம் பேனல் கதவில் ஒட்டியிருக்கிறதா, பேனலிலிருந்து போகும் ஒவ்வொரு ஃபீடர் லைனுக்கும் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையே எனக்கு.

ஜெனரேட்டர் இருக்கும் சைட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மெயின் கரண்ட் போனால் ஜெனரேட்டரைத் தானாக ஓடவிடும் ஏ.எம்.எஃப். பேனல் ஆட்டோவில் இருக்கும்போது யாராவது ஈ.பி. மெயினை இறக்கிவிட்டு கேபிளில் கை வைத்தால், பேனல் அதைப் பவர் கட் என்று எடுத்துக்கொண்டு சில நொடிகளில் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து அதே லைனுக்கு கரண்ட் கொடுத்துவிடும், அதாவது அவர் ஆஃப் செய்ததே கரண்டை வரவழைக்கிறது. பேனலின் செலக்டர் சுவிட்சை ஆஃபில் வைத்து, ஈ.பி., ஜெனரேட்டர் இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும். பிறகு மீட்டரை முதலில் உயிருள்ள லைனில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, வேலை செய்யப்போகும் லைனில் வைத்து, மறுபடி உயிருள்ள லைனில் வைத்துப் பார்க்க வேண்டும். பாக்கெட்டில் சொருகும் டெஸ்டரை நம்பி நான் யாரையும் வேலைக்கு அனுப்புவதில்லை.

மழைக்காலத்தில் என் சண்டை முழுக்க, கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் ஆர்.சி.சி.பி.-யோடுதான், சரியாகச் சொன்னால் அதை பைபாஸ் செய்பவர்களோடு. நனைந்த உடம்பின் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் உடம்பு வழியாக 230 மில்லி ஆம்பியர் பாயும், உயிரை எடுக்க அது தாராளம். கரண்ட் அளவுக்கு மேல் போனால் மட்டும் விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி.-க்கு அது ஒரு சின்ன பல்பு மாதிரி, திரும்பிக்கூடப் பார்க்காது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டும்தான் அங்கே விழும். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரின் கேபிள் தண்ணீரில் கிடந்து திரும்பத் திரும்ப ட்ரிப் ஆனால், "காஸ்டிங் நிக்குது சார்" என்று நேராக இணைத்துவிடுகிறார்கள். எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது ஐயா, வைப்ரேட்டரை மாற்றுங்கள்! டெஸ்ட் பட்டனை தினமும் காலையில் அழுத்திப் பார்க்கச் சொல்வேன், ஆனால் எர்த் கம்பியே இல்லாத டி.பி.-யிலும் அந்த பட்டன் வேலை செய்யும் என்பதால் எர்த்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். பிளக் இல்லாமல் ஒயரை சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சி சொருகி வைத்திருப்பதை எங்கே பார்த்தாலும் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடுவேன், அதில் எர்த் இணைப்பே கிடையாது.

எங்கள் சைட்டுகளில் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்த தம்பிகள்தான் அதிகம். தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதிய டேகால் அவர்களுக்கு என்ன பயன்? இந்தியிலும் வங்காளியிலும் எழுதி, பூட்டியவரின் போட்டோவும் போன் நம்பரும் போடச் சொல்கிறேன். பூட்டைப் போட்டுவிட்டு மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் உடனே அறுக்கக் கூடாது. முதலில் போன், பிறகு சைட் இன்ஜினியரும் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசரும் சேர்ந்து போய் உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அறுத்த விஷயத்தை மறுநாள் அவர் கேட்டுக்குள் வரும்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தன் பூட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது என்ற நம்பிக்கையில் நேராகப் போய்க் கை வைப்பார்.